கூடவே இருந்த அக்கா

அக்காவின் பேரை நான் எழுதப் போவதில்லை. பேர் போட்டு எழுதினால் விஷயம் எப்படியாவது அவர் காதுக்குப் போய்விடும். "என்னைப் பத்தியா எழுதுத? எழுது, எழுது. நானும் கூடவே இருக்கேன்" என்று பாயைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் ஒரு வரி நகராது. அதனால் அக்கா என்றே இருக்கட்டும். எங்கள் வரிசையில் எல்லாருக்கும் அவர் அக்காதான், அவரைவிட மூத்தவர்களுக்கும்கூட.

நாங்கள் குடியிருக்கும் மலையாள ஊரில், சாலைக் கடைவீதிக்குப் பின்னால், ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராக நிற்கும் வரிசையில் எங்கள் வீடும் அவர் வீடும் அடுத்தடுத்து. என் வீட்டுக்காரர் கடைவீதியில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் கிழக்கேகோட்டைப் பக்கம் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும். பேசுகிற வேலையையும் சேர்த்து அக்காவே பார்த்துக்கொண்டார்.

எது நடந்தாலும் அக்கா கூட இருக்கவேண்டும். தையல்காரர் ஜாக்கெட் துணியை வெட்டும்போது கூட இருக்கவேண்டும். கரண்டு ஆபீஸ்காரன் கம்பத்தில் ஏறினால் கீழே நின்று, அவன் இறங்கும் வரை அண்ணாந்து பார்க்கவேண்டும். வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது ஆபரேஷன் தியேட்டருக்குள் தானும் வருவேன் என்று நின்றார். உள்ளே ஏறக்கூடாது என்று மலையாளத்தில் சிஸ்டர் சொல்ல, தமிழில் இவர் பதில் சொல்ல, கடைசியில் தியேட்டர் வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே போகிறவர் வருகிறவர் எல்லாரும் இவரைத் தாண்டித்தான் போனார்கள். டாக்டர் பாவம், நல்ல மனுஷன். வெளியே வந்து ஒரு சின்னக் குப்பியில் கல்லைக் காட்டினார். அக்கா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத்தினிக்காண்டு கல்லுக்கா மனுஷன் வீட்டையே ரெண்டாக்கினாரு" என்றார்.

கோயிலில் இன்னும் பெரிய பாடு. அலங்காரத்துக்காக அம்மனுக்குத் திரை போட்டால் அக்காவுக்கு இருப்புக் கொள்ளாது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லையே. ஒரு நாள் திரைக்குப் பக்கத்தில் மெதுவாக நகர்ந்து நகர்ந்து போய்விட்டார். பூசாரி தலையை நீட்டி, "அக்கா, அம்மனுக்குப் புடவை மாத்துறோம், அங்கேயே நில்லுங்க" என்றார். நான் கண்ணை மூடிக்கிட்டு உள்ளே நிற்கிறேன் சாமி, என்று அக்கா கேட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு விளக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

சிரிக்கிறோமே தவிர, அந்தக் குணத்தால் நாங்கள் எல்லாரும் பிழைத்தோம். ஆற்றுகால் பொங்கல் அன்று எங்கள் தெருவெல்லாம் அடுப்பு. வெயிலில் மயங்கிப்போகிற வெளியூர்ப் பெண்களை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர்கள் பானை பக்கத்தில் அக்கா இருப்பார். முன்பின் தெரியாதவளின் பானை பொங்கினால், தன் பானை பொங்கிய மாதிரி குலவை போடுவார். என் பிரியா பிறந்த ராத்திரி என் தலைமாட்டில் இருந்தது அக்காதான். என் மாமியார் போனபோது கூட இருந்ததும் அக்காதான். யார் வீட்டில் எது என்றாலும் அழைப்பு வேண்டாம், வந்து உட்கார்ந்துவிடுவார். அதுவே பாதித் தைரியம்.

இப்படிப்பட்ட அக்காவுக்கு ஒரு சோதனை வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது.

என் பிரியாவும் அக்காவின் இளையவள் செல்வியும் எட்டாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்த வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வளரும் பருவத்தைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். பெண்பிள்ளைகளுக்கு ஒரு லேடி டாக்டர், பையன்களுக்கு வேறு டாக்டர், தனித்தனியாக. அதோடு புதுப் பாடம் ஒன்றும் வருகிறது, அதில் அம்மா வேலைக்குப் போகிற மாதிரியும் அப்பா அடுப்படியில் நிற்கிற மாதிரியும் படம் போட்டிருக்கிறது என்று பேச்சு.

அவ்வளவுதான், ஊர் ரெண்டாகிவிட்டது. ஒரு கட்சிக்காரர்கள் கொடி பிடித்து ஊர்வலமாக ஜாதா போனார்கள். பெற்றவர்களைக் கேட்காமல் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லித்தர நீ யார் என்றார்கள். அதே நாள் அதே தெருவில் எதிரிலிருந்து மற்றக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். வீட்டில் சொல்லாததைப் பள்ளிக்கூடம்தான் சொல்லவேண்டும், தடுக்க நீ யார் என்றார்கள். ரெண்டு ஜாதாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வாழைக்குலை லாரிக்காரர் ஒருவர், எனக்குப் பிள்ளையே இல்லை, என்னை விடுங்கள் என்று கும்பிட்டாராம்.

எனக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை. நான் படித்தது கொஞ்சம். சாமி படைத்த உடம்பு, அதைப் பற்றிப் பேசினால் சாமிக்கே கோபம் வருமா, பேசாமல் விட்டால் கோபம் வருமா என்று அம்மன் முன்னால் நின்று கேட்டேன். அம்மன் எப்போதும் போல இருந்தாள்.

கையெழுத்து வாங்க ரெண்டு தரப்பும் வீடு வீடாக வந்தார்கள். அக்கா ரெண்டு தரப்புக்கும் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். முதலில் வந்தவர்களிடம், எந்தப் பாடம் கெட்டது, காட்டுங்கள் பார்ப்போம் என்று கேட்டார். அவர்களிடம் பாடம் இல்லை. அடுத்து வந்தவர்களிடம், எந்தப் பாடம் நல்லது, காட்டுங்கள் என்று கேட்டார். அவர்களிடமும் இல்லை. ரெண்டு பேரிடமும் பாடம் வந்த பிறகு வாங்க என்று அனுப்பிவிட்டார். அந்த அடுப்படிப் படத்தைச் சொல்லி ஒருவர் மட்டும் ரொம்பக் கோபப்பட்டார். ஆம்பிளை அடுப்பில் நிற்பதைப் பார்த்தால் பிள்ளைகள் என்ன ஆகும் என்றார். அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கையால் காட்டினார்.

"இவரு எங்க கல்யாணத்துக்கு முந்தியே அடுப்புல நிக்கிறவரு. ஊருக்கே பரோட்டா போடுதாரு. வீட்ல மட்டும் தண்ணி மோந்து குடிக்கத் தெரியாது. அந்தப் படத்தை இங்க கொண்டாங்க, நான் சுவத்துல ஒட்டுதேன்."

வந்தவரும் சிரித்துவிட்டார். சாயா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார், அதையும் சொல்லவேண்டும்.

பேச்சு முற்றிப்போய் ஹெச்.எம். டீச்சர் பெற்றோர் கூட்டம் போட்டார். மெலிந்த பெண்மணி. இரண்டு பக்கத்துக்கும் பயந்து குரலே எழும்பவில்லை. பெற்றோருக்குச் சம்மதம் இல்லை என்றால் வகுப்பை வேண்டாம் என்று வைத்துவிடலாம், எனக்கும் நிம்மதி என்கிற மாதிரி பேசினார். ஹால் நிறையக் கூட்டம். பாத்திரக்கடை அண்ணாச்சி எழுந்தார். அவர் பெண்ணும் அதே வகுப்பு. கெட்ட மனுஷர் இல்லை. சஷ்டிக்கு விரதம் இருப்பார், கேட்ட கோயிலுக்கு மணி வாங்கித் தருவார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பிள்ளையைப் பெற்றது நாங்கள், வளர்க்கிறது நாங்கள், எதை எப்போது சொல்வது என்கிற உரிமை எங்களுக்குத்தான், இதையெல்லாம் வீட்டில் நாங்களே சொல்லிக்கொள்வோம் என்றார். கை தட்டினார்கள். ஹெச்.எம். டீச்சர் தலையை ஆட்டி, அப்படியென்றால் வேண்டாம் என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

அக்கா என் பக்கத்திலிருந்து எழுந்தார்.

"வீட்ல சொல்லிக்கிடுவோம்னு சொல்லுதீயளே அண்ணாச்சி. உங்க வீட்ல யாரு சொன்னா?"

அது பொம்பளைங்க விஷயம், இவள் சொல்லியிருப்பாள் என்று அண்ணாச்சி பக்கத்திலிருந்த மனைவியைக் காட்டினார். அந்த அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எங்கம்மா எனக்குச் சொன்னாளா, நான் என் மகளுக்குச் சொல்ல, என்று சாவகாசமாகக் கேட்டார். ஹாலே சிரித்தது. அண்ணாச்சியும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அக்கா சிரிக்கவில்லை.

"நானும் சொல்லல. மூத்தவ மாலா பெரிய மனுஷி ஆனப்ப நான் என்ன செஞ்சேன், இங்க பாதிப்பேருக்குத் தெரியும். பத்திரிகை அடிச்சேன். மைக்செட்டு வச்சேன். தாய்மாமன் சீரு லாரியில வந்துச்சு. அண்ணாச்சி, நீங்க குத்துவெளக்கு வச்சீய. பிள்ளைக்கு நகை போட்டு, பூச்சடை வச்சு, நாற்காலியில உக்கார வச்சு ஊருக்கே காட்டினேன். நாள் முழுக்க அவ பக்கத்துலதான் நின்னேன். பந்தலைப் பிரிச்ச பொறவு அவ என்னைக் கேட்டா, அம்மா, எனக்கு என்ன வியாதி, செத்துருவேனான்னு. நான் அவ வாயைப் பொத்தினேன். இதையெல்லாம் கேக்கக் கூடாதுன்னேன்."

அக்காவின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். பிள்ளைக்குத்தான் சொல்லல."

எங்கள் வழக்கம் அது. சடங்கு என்றால் நாங்கள் குறை வைப்பதில்லை. என் பிரியாவுக்கும் அடுத்து அப்படித்தான் செய்யவேண்டும் என்று புடவைகூடப் பார்த்து வைத்திருந்தேன். அந்த மைக்செட்டையும் இந்த வகுப்பையும் ஒன்றாக வைத்து நாங்கள் யாருமே யோசித்ததில்லை. அண்ணாச்சியின் மனைவி அழுதுகொண்டிருந்தார்.

கண்ணைத் துடைத்ததும் அக்கா பழைய அக்காவாகிவிட்டார். வகுப்பு நடக்கட்டும், ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியவேண்டும், அம்மாக்கள் நாங்கள் பின்னால் உட்காருவோம், நானும் கூடவே இருப்பேன் என்றார். ஓர் இளம் டீச்சர், அம்மாக்கள் இருந்தால் பிள்ளைகள் வாயைத் திறக்கமாட்டார்களே என்று இழுத்தார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அண்ணாச்சி எழுந்து, பெற்றவர்கள் கூட இருக்கிறார்கள் என்றால் எனக்கு மறுப்பு இல்லை என்றார். பையன்கள் பக்கம் நான் உட்காருகிறேன் என்றும் சொன்னார். அவருக்குப் பையனே கிடையாது. ஹெச்.எம். டீச்சர் பேனாவை மூடிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். வெளியே காத்திருந்த ரெண்டு கட்சிக்காரர்களும் தங்கள் பக்கம்தான் ஜெயித்தது என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

அன்று ராத்திரி அக்கா வீட்டில் பெரிய சண்டை. பங்குச் சுவர், அவரும் செல்வியும் கத்துகிற சத்தம் கேட்டது, விஷயம் புரியவில்லை. மறுநாள் காலையில் அக்கா என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். காப்பியைக் கொடுத்தேன், குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் வந்தா செல்வி வரமாட்டாளாம்."

எல்லா அம்மாவும்தானே வருகிறோம், பிள்ளைக்கு வெட்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்றேன்.

"வெக்கமில்லட்டி. டாக்டர்கிட்ட அவளுக்கு ஒண்ணு கேக்கணுமாம். நான் பின்னாடி இருந்தா கேக்கமாட்டாளாம்." டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படி என்ன கேள்வின்னு கேட்டேன். அதைத்தான் உன்கிட்ட சொல்ல முடியாதுன்னு சொல்லுதேனேன்னுட்டா."

கூட்டத்தில் எல்லாரையும் மடக்கியவர் அவர். உட்காரும் உரிமையை வாங்கித் தந்தவரும் அவர்தான். தியேட்டர் வாசலையும் அம்மன் திரையையும் விடாதவர், தன் மகளின் ஒரே ஒரு கேள்வி முன்னால் இப்படி உட்கார்ந்திருந்தார்.

"மூத்தவ கேட்டா, நான் வாயைப் பொத்தினேன்" என்றார். "இவ என்கிட்ட கேக்கவே மாட்டேங்கா." அப்புறம் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பு நாள் வந்தது. நாங்கள் அம்மாக்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தலைக்குப் பூ வைத்துக்கொண்டு போனோம். சிலர் கையில் முறுக்குப் பொட்டலம் வேறு. அக்காவும் எங்களோடு பள்ளிக்கூடம் வரை வந்தார். வகுப்பு வாசலில் எல்லாரும் உள்ளே நுழைந்தோம். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். செல்வியும் உள்ளேயிருந்து பார்த்தாள். அக்கா வாசல்படியில் ஏறவில்லை. பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி வைக்கிற கஞ்சிப்புரையில் பயறு பொறுக்க ஆள் இல்லையாம், நான் அங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். என் காதில் மட்டும், செல்வி கேள்வி கேட்கும்போது நீயும் காதில் வாங்காதே, சாமி மேல் ஆணை, என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆணைக்கு வேலை வரவில்லை. லேடி டாக்டர் சிரித்த முகம். சுவரில் படத்தை மாட்டி, பூ காயாகிற கதை சொல்கிற மாதிரி எளிதாகச் சொன்னார். அசிங்கமாக ஒரு வார்த்தை இல்லை. வயிறு வலித்தால் என்ன செய்வது, எந்தத் துணியை எப்படி வைப்பது, யாராவது தொட்டால் பிடிக்கவில்லை என்றால் எப்படிச் சத்தம் போடுவது, எல்லாம் சொன்னார். பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. நாங்கள்தான் திறந்தோம். அண்ணாச்சி மனைவி கேட்ட கேள்விகளுக்கு மட்டும் தனியாக ஒரு வகுப்பு வைக்கலாம். அந்த மாதிரி நாட்களில் விளக்கு ஏற்றலாமா என்று நான் கேட்டேன். அது உங்கள் விருப்பம், உடம்பில் அழுக்கு ஒன்றும் இல்லை, என்றார் டாக்டர். கடைசியில் அவரே கையைக் கூப்பி, அம்மாமார் கொஞ்சம் வெளியே இருங்கள், இனி பிள்ளைகள் கேட்கட்டும் என்று எங்களை அனுப்பிவிட்டார். கதவு சாத்தினார்கள். வராந்தாவில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உள்ளே முதலில் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு குரல். அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கிற சத்தம்.

அக்கா முறத்தோடு கஞ்சிப்புரை வாசலில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வரவில்லை.

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அக்காவும் செல்வியும் என் வாசலில் நின்றார்கள். வா, எஸ்.டி.டி. பூத்துக்குப் போகணும் என்றார் அக்கா. செல்வி அவராகக் கேட்காமலே வகுப்பில் சொன்னதையெல்லாம் சொன்னாளாம். தன் கேள்வியை மட்டும் சொல்லவில்லையாம். அக்கா அதைக் கேட்கவும் இல்லை.

"இவ்வளவுதானா விஷயம்? இதுக்கா அந்தப் பிள்ளையை அழ வச்சேன்?" என்று நடந்துகொண்டே சொன்னார். "மாலாவுக்குச் சொல்லணும்."

மாலா கல்யாணமாகி வள்ளியூரில் இருந்தாள். அவளுக்கு ஒரு பெண்குழந்தையும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு இனிமேல் போய் என்னக்கா சொல்லப் போறீங்க என்று கேட்டேன்.

"அவ கேட்டாள்ல. நான் பதில் சொல்லல. அது அப்படியே கெடக்கு."

பூத்தில் எண்ணைப் போட்டதும் அக்கா வாங்கி, "மாலா, அம்மா பேசுதேன்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. வாய் திறக்கிறது, மூடுகிறது. அவ்வளவு பேசுகிற மனுஷிக்கு அன்று வார்த்தை கிடைக்கவில்லை. அன்னைக்கு நீ கேட்டியே, என்றார். நான் அப்போ, என்றார். அப்புறம் ரிசீவரைச் செல்வியின் கையில் கொடுத்தார். "நீ சொல்லு. உனக்குத்தான் தெரியும்."

கொடுத்துவிட்டு அக்கா வெளியே வந்தார். வந்து, பூத்தின் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

உள்ளே செல்வி பேசினாள், நிறுத்தினாள், கேட்டாள். தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்தாள். பிறகு என்னவோ சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பக்கம் மாலாவும் சிரித்திருக்கவேண்டும். எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கடைவீதியில் சுமைவண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு கை கதவில் இருக்க, அக்கா கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றார்.

பூத்துக்காரப் பையன் எட்டிப் பார்த்து, பில்லு ஏறிக்கிட்டே இருக்கு அக்கா என்றான்.

"ஏறட்டும்" என்றார் அக்கா.